சாப்பாட்டு மேசையில் ஒரு எம்.பி.

ஸ்படைனா வீதியில் நான் கோட்டுத் தைத்த கட்டடத்தில் இப்போது நாய்களுக்கு முடி வெட்டுகிறார்கள். போன மாதம் மகன் அந்தப் பக்கமாகக் காரைக் கொண்டுபோனபோது பார்த்தேன். கீழே நாய்க்கடை. நான்காம் மாடியில், எங்கள் லஞ்ச் அறை இருந்த மூலையில், யாரோ வாடகைக்கு இருக்கிறார்கள். ஜன்னலில் பூச்சட்டி தெரிந்தது.

"இதுக்குள்ளயோ அம்மா வேலை செய்தனீங்கள்?" என்று மகன் கேட்டான்.

"ஓம். இதுக்குள்ள ஒரு எம்.பி.யும் என்னோட வேலை செய்தவ" என்றேன்.

அவன் சிரித்தான். அம்மாவுக்கு வயது போகப் போகக் கதையும் கூடுகிறது என்று நினைத்திருப்பான். பச்சை விளக்கு விழுந்தது, கார் போய்விட்டது. வீட்டுக்கு வந்த பிறகும் இரண்டு நாளாய் எனக்கு வேறு நினைப்பே இல்லை. எழுதித்தான் விடுவோமே என்று பேனையோடு இருந்துவிட்டேன்.

எண்பத்து மூன்று ஆடியில் கொழும்பில் எங்கள் வீடு எரிந்தது. அடுத்த தை மாதம் நானும் கணவரும் இரண்டு வயது மகனும் ரொறன்ரோவில் இறங்கினோம். இறங்கிய கதையைச் சொல்லப்போவதில்லை. அதை எல்லோரும் எழுதிவிட்டார்கள், எல்லாக் கதையிலும் ஒரே பனிதான் கொட்டுகிறது. வெக்ஸ்போர்ட்டில் இரண்டு அறை அபார்ட்மென்ட் ஒன்று எடுத்தோம். ஒரு அறையில் நாங்கள் மூவர். மற்ற அறையை எங்கள் ஊர்ப் பெண் ஒருத்திக்குக் கொடுத்தோம். இருபத்திரண்டு வயது, தனியாக வந்தவள். நான் அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிட்டேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

தங்கச்சியின் தகப்பன் ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்தவர். யாருக்கோ அவர்மேல் என்ன கோபமோ, அவருடைய பேரை எழுதித் துரோகி என்று மதிலில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். அந்த நாட்களில் அந்தச் சொல் ஒட்டிக்கொண்ட ஆட்கள் சிலர் விடியும்போது விளக்குக் கம்பத்தில் கட்டப்பட்டுக் கிடந்தார்கள். தகப்பன் வள்ளமேறி இந்தியாவுக்குப் போனார். மகளை எப்படியோ இங்கே அனுப்பிவைத்தார். இதையெல்லாம் அவள் ஒருநாள் என்னோடு இருந்து கீரை ஆய்ந்துகொண்டே, யாருடைய கதையையோ சொல்வதுபோலச் சொன்னாள்.

எனக்குக் கோட்டுத் தொழிற்சாலையில் வேலை கிடைத்து மூன்று மாதத்தில் அவளையும் அங்கே சேர்த்துவிட்டேன். விடிய லோரன்ஸ் வீதியில் பஸ் பிடித்து, பிறகு சப்வே ஏறி, ஒரே சாப்பாட்டுப் பையை மாறி மாறித் தூக்கிக்கொண்டு போவோம். நான் கோட்டுக்கு லைனிங் தைத்தேன். அவள் தெறிக்கு, அதாவது பட்டனுக்கு, ஓட்டை போட்டாள். இப்போது யோசித்தால் அந்தப் பயணங்கள்தான் அந்த வருடங்களில் எனக்குக் கிடைத்த விடுமுறை. ஒருவர் தோளில் ஒருவர் தலைவைத்து நித்திரைகொண்டு, இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டு, ஓடிவந்து போர்மனிடம் ஏச்சு வாங்கியிருக்கிறோம்.

எனக்கு அடுத்த மெஷினில் காலர் வைத்தவர்தான் அந்த எம்.பி. அறுபது வயது மட்டில் இருக்கும். பெரிய உடம்பு, சிவந்த கைகள், தலையில் முடிச்சுப்போட்ட லேஞ்சி. செக்கோஸ்லோவாக்கியாக்காரி. எங்கள் தமிழ்ப் பெண்கள் அவருக்கு வெள்ளை மாமி என்று பேர் வைத்திருந்தார்கள். நாளடைவில் முகத்துக்கு நேரேயும் மாமி என்றே கூப்பிட்டோம், அவரும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார். இடது காது கேட்காது. பேசவேண்டுமானால் வலது பக்கம் இருக்கவேண்டும். நான் அவருக்கு வலது பக்கம். எல்லாம் அதனால் வந்த சிநேகம்தான்.

அவருக்கும் எனக்கும் தெரிந்த இங்கிலீஷைக் கூட்டினாலும் ஒரு ஆளுக்குக் காணாது. அதை அப்படியே எழுதினால் வாசிக்கிறவர்கள் மூடிவைத்துவிடுவார்கள். ஆகவே அவரை எங்கள் ஊர்த் தமிழ் பேசவைக்கிறேன். அவர் கோபிக்கமாட்டார்.

முதல் நாள் அவர் என்னிடம் கேட்டது பேரையோ ஊரையோ அல்ல.

"உங்கட நாட்டில எத்தினை கட்சி?"

"எண்ண ஏலாது மாமி."

"எங்கட நாட்டில கணக்குக்கு நாலைஞ்சு இருந்தது. உண்மையில ஒண்டுதான். எண்ண லேசு" என்று சொல்லிவிட்டு நூலைக் கடித்து அறுத்தார்.

அந்த லஞ்ச் அறையில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு மேசை. போர்த்துக்கீசர் ஒரு பக்கம், சீனர் ஒரு பக்கம், நாங்கள் ஐந்து தமிழ்ப் பெண்கள் ஜன்னலோரம். மாமிக்கும் தன் நாட்டுக்காரர் இரண்டு பேர் கீழ் மாடியில் இருந்தார்கள். அவர்களோடு அவர் இருந்ததே இல்லை. கசகசா போட்ட கேக்கை ஒரு டப்பாவில் கொண்டுவந்து எங்கள் மேசையில் வைப்பார், எங்கள் மோர்மிளகாயைப் பாண் துண்டோடு கடித்துக் கண்ணீர் வடிப்பார். ஏன் அந்த ஆட்களிடம் போவதில்லை என்று ஒருமுறை கேட்டேன்.

"அவைக்கு என்ர முகம் ஞாபகம் வந்தாலும் வரும்" என்றார். "உங்களுக்கு வராது."

அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கதை வந்தது. அரைமணி லஞ்சில் என்ன கதைக்கலாம், சாப்பிட்டு முடியப் பத்து நிமிடம் மிஞ்சும். அந்தப் பத்து நிமிடங்களை ஒட்டித் தைத்தால் இவ்வளவுதான்.

மலையடிவாரத்தில் ஒரு சின்ன நகரம். அங்கே லினன் ஆலையில் அவர் நெசவுக்காரி. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு கட்சியில் சேர்ந்தார். ஏன் சேர்ந்தீர்கள் என்று கேட்டதற்கு, "பசி கிடந்தனாங்கள், இனிப் பசி இல்லையெண்டு சொன்னவை, நான் நம்பினனான்" என்றார். தறிகளின் இரைச்சலுக்கு மேலாகக் கத்திப் பழகிய குரல். கூட்டத்தில் ஒலிபெருக்கி பழுதான ஒருநாள் அவரை மேடையில் ஏற்றிவிட்டார்கள், கடைசி வரிசைவரை கேட்டது. அதுதான் அவருடைய அரசியலின் தொடக்கம். காதுக்குக் கெடுதலான தொழில் தொண்டைக்கு நல்லதாய்ப் போனது.

இருபத்தைந்து வயதில் ஒருநாள் ஆலை வாசலில் கறுப்புக் கார் வந்து நின்றது. நீதான் எங்கள் வேட்பாளர் என்றார்கள். எனக்கு எதிராக யார் நிற்கிறார்கள் என்று இவர் கேட்டிருக்கிறார். வந்தவர்கள் மூவரும் சிரித்தார்களாம். அப்படிப் பாராளுமன்றத்துக்குப் போனார்.

"அங்க போய் என்ன செய்தனீங்கள்?"

"கையைத் தூக்கினனான்" என்று சொல்லித் தன் வலது கையைத் தூக்கிக் காட்டினார். மேசை முழுக்கச் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

சின்ன வயதில் எங்கள் வீட்டுக்கு ரஷ்யாவிலிருந்து வழுவழுப்பான தாளில் அச்சடித்த தமிழ்ச் சஞ்சிகைகள் வரும். என் தமையன் கொம்யூனிஸ்ட். அவர் வாசித்து முடித்ததும் நான் அதைக் கிழித்துக் கொப்பிகளுக்கு உறை போடுவேன். என் கணக்குக் கொப்பியின் மேல் பூங்கொத்தோடு சிரித்துக்கொண்டு நின்ற ஆலைப் பெண்களை மாமிக்குச் சொன்னேன். அவருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அவரையும் அப்படிப் படம் பிடித்திருக்கிறார்கள். படக்காரர் ஒரே ஒரு பூங்கொத்துத்தான் கொண்டுவருவாராம். ஒருத்தியைப் பிடித்து முடிந்ததும் பறித்து அடுத்தவளிடம் கொடுப்பாராம்.

பேச்செல்லாம் தட்டச்சடித்து வரும், வாசித்தால் சரி. ஒரேயொரு தடவை கடைசியில் தன் சொந்த வாக்கியம் ஒன்றைச் சேர்த்தார்: எங்கள் ஆலையில் பெண்களின் கழிவறையில் தண்ணீர் இல்லை. சபையில் கொஞ்ச நேரம் ஒருவரும் கைதட்டவில்லை. பிறகு யாரோ மேலே இருந்தவர் தட்ட, எல்லோரும் தட்டினார்கள். இரண்டு கிழமையில் ஐந்து தண்ணீர்ப் பைப்புகள் பொருத்தப்பட்டன. கூடவே அவருக்குக் கட்சியிலிருந்து எழுத்தில் ஒரு கண்டனமும் வந்தது.

"என்ர முழு அரசியலும் அந்த அஞ்சு பைப்தான்" என்பார். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகம் ஒரு எம்.பி.யின் முகமாக மாறும்.

பிறகு மாவட்டக் குழுத் தலைவி. டிரைவரோடு கார், உரோமத் தொப்பி, பள்ளிக்கூடம் திறக்கக் கத்தரிக்கோல். அறுபத்தெட்டில் ரஷ்ய டாங்கிகள் வந்தன. இவர்களை நான் கூப்பிடவில்லை என்று ஒரு கூட்டத்தில் வாய்விட்டுச் சொன்னார். இரண்டு வருடம் கழித்து மூன்று பேர் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து விசாரித்தார்கள். அதில் ஒருவரைக் கட்சியில் சேர்க்கச் சிபாரிசு எழுதியதே இவர்தான். கேள்வி ஒன்றுதான்: அவர்கள் வந்தது சகோதர உதவி என்று ஒப்புக்கொள்கிறீர்களா. மாமி பேசாமல் இருந்தார். கட்சி அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். கார் போனது, தொப்பி மட்டும் மிஞ்சியது. ஆலைக்குத் திரும்பிப் போனார், தறிக்கு அல்ல, விளக்குமாற்றுக்கு. அந்த ஐந்து பைப்பையும் பென்சன் எடுக்கும்வரை அவரே தேய்த்துக் கழுவினார். பிறகு, டாங்கி வந்த வருடம் ஓடிவந்து ரொறன்ரோவில் குடியேறியிருந்த மகளிடம் வரவிட்டார்கள். வயதுபோன பொம்பிளை, வைத்திருந்து என்ன செய்வது என்று நினைத்திருப்பார்கள்.

எங்கள் தொழிற்சாலையில் தண்ணீர் இருந்தது. கழிவறைக்குப் போகத்தான் வழி இல்லை. போர்மனின் மேசையில் இரண்டு மரக்கட்டைகள் தொங்கும். அதில் ஒன்றை வாங்கிக்கொண்டுதான் போகவேண்டும். முழு மாடிக்கும் அந்த இரண்டு கட்டைதான். பிள்ளைத்தாச்சிப் பெண்கள்கூடக் காத்து நிற்பார்கள். போர்மன் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு கட்டையைக் கையில் ஆட்டுவான். நான் வாய் சும்மா இருக்கிற ஆள் இல்லை. யூனியன் கொண்டுவருவோம் என்று தொடங்கியது நான்தான். ஆனால் அதை நடத்தத் தெரிந்தவர் மாமி.

"கூட்டம் வைக்காதேயும்" என்றார். "கூட்டம் முடிவெடுக்க இல்லை, எடுத்த முடிவைச் சொல்லத்தான். ஒவ்வொருத்தராய் அவையவையின்ர மெஷினடியில போய்க் கதையும். ஓம் எண்டவையை ஒருக்கால் இல்லை, மூண்டு தரம் கேளும்."

அப்படியே செய்தேன். எண்பத்தாறு மாரிக் குளிரில் மாடியில் இருந்த ஒவ்வொருவரின் மனமும் எனக்குப் பாடம். மறுப்பவர் இத்தனை, சேர்பவர் இத்தனை. எல்லாம் சரியாக நடந்தால் ஒரேயொரு வாக்கால் வெல்லுவோம். தங்கச்சியை வீட்டில் மூன்று தரம் கேட்டேன். மூன்று தரமும் தலையைக் குனிந்துகொண்டு "ஓம் அக்கா, போடுறன்" என்றாள். அந்தக் குனிவு எனக்குப் பிடிக்கவில்லை.

வாக்கெடுப்பு லஞ்ச் அறையில் பின்னேரம் நடந்தது. அரசாங்க ஆள் ஒருவர், முதலாளியின் கணக்கர், வெளியிலிருந்து வந்த யூனியன்காரர், இந்த மூவரும்தான் உள்ளே. மேசையில் பெட்டி, மூலையில் அட்டை மறைப்பு. எங்களை மெஷினிலிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். எல்லோரும் ஒரு நிமிடத்தில் வந்தார்கள். மாமி போன வேகத்திலேயே வந்தார், என்னைக் கடக்கும்போது தோளில் தட்டிவிட்டுப் போனார். தங்கச்சி மட்டும் நெடுநேரம் நின்று, கண் சிவந்து வந்தாள்.

இரண்டு பக்கமும் சரிசமம். ஒரு தாள் வெறுமை. சரிசமம் என்றால் தோல்விதான். மறுத்தவர்களின் எண்ணிக்கை நான் கணக்குப் பார்த்தபடியே அச்சாக இருந்தது. ஆக, அந்த வெறுந்தாள் எங்கள் பக்கத்து ஆளுடையது.

யூனியன்காரர் போகும்போது என்னைத் தனியே கூப்பிட்டு, "அந்தக் காது கேளாத அம்மாவுக்கு எல்லாம் விளங்கியதா?" என்று கேட்டார். எனக்கு மூக்குக்குமேல் கோபம் வந்தது. அவர் பாராளுமன்றத்தில் இருந்தவர், உம்முடைய அட்டைப்பெட்டி அவருக்கு விளங்காதா என்று கேட்டுவிட்டேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார்.

அடுத்த நாள் முதலாளி எல்லோருக்கும் டோனட் வாங்கிவைத்தான். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. லஞ்ச் அறையில் எல்லோருக்கும் முன்னால் தங்கச்சியிடம் போனேன்.

"எதிராப் போடவும் துணிவில்லை, எங்களோட நிக்கவும் துணிவில்லை. வெறுந்தாள் போட்டது நீதானே?"

"இல்லை அக்கா. நான் போட்டனான்."

"அப்ப ஏன் அழுதுகொண்டு வந்தனி?"

அவள் தலையைக் குனிந்தாள். அவளுடைய தகப்பனின் பேரோடு மதிலில் ஒட்டிய அந்தச் சொல்லை நான் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டு அவள் சொன்ன கதை எனக்கு அப்போது ஞாபகம் இல்லாமல் இல்லை. ஞாபகம் இருந்தபடியால்தான் அந்தச் சொல் வாயில் வந்தது. எங்கே தொட்டால் நோகும் என்று தெரிந்த ஆளுக்குத்தான் அப்படிச் சொல்ல வரும். இத்தனை வருடத்துக்குப் பிறகும் இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அந்தச் சனிக்கிழமையே தன் சூட்கேசை எடுத்துக்கொண்டு நான்கு தெரு தள்ளி இருந்த ஒரு குடும்பத்தின் பேஸ்மென்டுக்குப் போய்விட்டாள். மகன் அவளுடைய அறைக் கதவடியில் நின்று ஒரு கிழமை கூப்பிட்டான். அவளுக்கு வேலையை விட வழியில்லை. எங்கள் மேசையிலும் இடமில்லை. நான் சொன்ன சொல்லை மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள், போர்த்துக்கீசப் பெண்கள்கூட அவளைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள். படிக்கட்டில் இருந்து, மடியில் டப்பாவை வைத்துச் சாப்பிட்டாள். வெக்ஸ்போர்ட்டில் எங்கள் ஆட்கள் மத்தியிலும் கதை பரவிவிட்டது. அவளுக்குப் பேசிவந்த ஒரு சம்பந்தமும் நின்றுபோனது என்று பிறகு கேள்விப்பட்டேன். அப்போதும் நான் இரங்கவில்லை. அவளுக்கு இது வேண்டும் என்று நினைத்தேன்.

ஏழெட்டு மாதம் போனது. கோடை முடிகிற நேரம் மாகாணத் தேர்தல் வந்தது. யாரோ ஒரு வேட்பாளரின் துண்டுப்பிரசுரம் எங்கள் மேசையில் கிடந்தது. மாமி அதன்மேல் கேக் டப்பாவை வைத்தார்.

"நீங்கள் சிற்றிசன்தானே மாமி. போய் ஒரு வோட்டைப் போடுங்கோவன்" என்று பகிடியாகச் சொன்னேன்.

"காணும். ரெண்டு சீவியத்துக்குக் காணுமான அளவு போட்டிட்டன்" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "ஆனால் மனசாரப் போட்டது ஒருக்கால்தான்" என்றார்.

"எப்ப?"

"இஞ்ச. இந்த அறையில, போன மாரிக்கு."

நான் மற்றவர்களைப் பார்த்தேன். அவர்கள் வேறு கதையில் இருந்தார்கள்.

"எங்கட நாட்டிலயும் மூலையில ஒரு மறைப்பு நிக்கும்" என்றார் மாமி. "ஒருத்தரும் அதுக்குப் பின்னால போறேல்லை. பேப்பரில ஒரு பேர் அச்சடிச்சிருக்கும். வாங்கி, மடிச்சு, நேரப் பெட்டியில போடுறது. மறைப்புக்குப் பின்னால போறவன் பேரை வெட்டப்போறான் எண்டு அர்த்தம். வாசலில இருக்கிறவன் அவன்ர பேரைக் குறிச்சுப்போடுவான். இருபது வருசம் நான் அப்பிடித்தான் போட்டனான், பயத்தில."

"இஞ்ச?"

"இஞ்சயும் மறைப்பு வைச்சிருந்தவை. முதலாளியின்ர ஆள் என்னையே பாத்துக்கொண்டு இருந்தவன். அரசாங்க ஆள் கையால மறைப்பைக் காட்டி என்னவோ சொன்னவன், நான் அந்தப் பக்கம் திரும்பேல்லை. முதலாளியின்ர ஆளின்ர கண்ணைப் பாத்துக்கொண்டு, ஒரு கீறும் போடாமல் மடிச்சுப் போட்டன். யூனியன் வேணும், நான் ஒளிக்கேல்லை, எழுதிக்கொள் எண்ட மாதிரி." அவர் கண் கலங்கியிருந்தது. "அண்டைக்குத்தான் எனக்குப் பயம் இல்லாமல் இருந்தது. தோத்தாலும் பரவாயில்லை."

தாளில் ஆம் என்றும் இல்லை என்றும் இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒன்றில் புள்ளடி போடவேண்டும். கீறாத தாள் என்றால் ஆம் என்று பழகியவருக்கு, நாங்கள் வெறுந்தாள் என்று சண்டைபிடித்தது தன் தாளைத்தான் என்று தோன்றவே இல்லை. மாமி, நீங்கள் போட்டது வெறுந்தாள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். ஐந்து பைப்பின் கதை சொல்லும்போது வருகிற அதே முகம். வாயை மூடிக்கொண்டு, கேக்கில் ஒரு துண்டை எடுத்துக் கடித்தேன்.

அன்றைக்கே வேலை முடிந்ததும் தங்கச்சி இருந்த பேஸ்மென்டுக்குப் போனேன். அவள் கதவைத் திறந்தாள், உள்ளே வாங்கோ என்று சொல்லவில்லை. வாசலில் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிச்சுக்கொள் என்று கேட்டேன்.

"அழுதது ஏனெண்டு இப்ப சொல்லட்டோ அக்கா?" என்றாள். "நான் சீவியத்தில முதல் தரம் வோட்டுப் போட்டனான். எங்க புள்ளடி போடுறதெண்டு நாலு தரம் வாசிச்சனான். பிழைச்சால் நீங்கள் தோத்துப்போடுவியள் எண்டு பயம்."

நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன், அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"உங்களுக்கு விளங்கினாப்போல காணுமோ? மற்றவைக்கு ஆர் சொல்லுறது?"

"மாமிதான் எண்டு சொன்னால்..." என்று இழுத்தேன்.

அவள் யோசித்தாள். "அந்த மனிசியைச் சொல்லாதேங்கோ" என்றாள். "படிக்கட்டுக்கு எனக்குக் கேக் கொண்டுவந்து தாறது அவ மட்டும்தான்." பிறகு கதவைச் சாத்திவிட்டாள்.

வீட்டுக்குப் போகிற நான்கு தெருவும் நான் யோசித்தது ஒன்றைத்தான். இவளை மேசைக்குக் கொண்டுவரவேண்டும். அந்தத் தாளுக்கு ஒரு ஆள் வேண்டும். மாமியைக் கொடுக்க முடியாது. மிஞ்சியது யார் என்று பார்க்க அவ்வளவு நேரம் எடுக்கவில்லை.

அடுத்த நாள் லஞ்சில் எழும்பி நின்றேன். போர்த்துக்கீச மேசைக்கும் விளங்கட்டும் என்று முதலில் இங்கிலீஷில் சொன்னேன், பிறகு தமிழில் சொன்னேன். வெறுந்தாள் போட்டது நான். அன்றைக்குக் கை நடுங்கிப் புள்ளடி போடாமலே மடித்துவிட்டேன். வெட்கத்தில் பழியை அவள்மேல் போட்டேன். அவளில் ஒரு பிழையும் இல்லை.

ஒருத்தி கரண்டியை மேசையில் போட்டாள். எங்கள் மேசையில் மூத்தவர், "உமக்கு எத்தினை நாக்கு?" என்று கேட்டார். மற்றவர்கள் அதுகூடக் கேட்கவில்லை. இரண்டு பேர் போய்த் தங்கச்சியைப் படிக்கட்டிலிருந்து கையைப் பிடித்துக் கூட்டிவந்தார்கள். அவள் இருக்க இடம் வேண்டியிருந்தது. நான் என் டப்பாவை எடுத்துக்கொண்டு எழும்பினேன். அதற்குப் பிறகு அங்கே வேலை செய்த ஒன்றரை வருடமும் படிக்கட்டில்தான் சாப்பிட்டேன். அப்படி ஒன்றும் மோசமான இடமில்லை, ஜன்னலால் ஸ்ட்ரீட்கார் போவது தெரியும். தங்கச்சி பிறகு கலியாணம் கட்டி விட்பிக்குப் போனாள். அவளுடைய முதல் பிள்ளைக்கு மருந்துத் தண்ணி வைத்துக் குளிப்பாட்டியது நான்தான். அதெல்லாம் நடக்க வருடங்கள் எடுத்தன.

நான் எழும்பி நின்று சொன்ன அன்றைக்கு, லஞ்ச் மணி அடித்து மெஷினுக்கு வந்து இருந்தோம். மாமி என்னைப் பார்க்காமல் காலரை மடித்துக்கொண்டிருந்தார். பிறகு மெஷினை நிறுத்திவிட்டு வலது காதைத் திருப்பி என் பக்கம் சரிந்தார்.

"எங்கட ஆலைக்கு ஒரு டைரக்டர் இருந்தவர்" என்றார். இந்தக் கதையை அவர் அதுவரை சொன்னதில்லை. "நல்ல மனிசன். ஞாயிற்றுக்கிழமையில தானே வந்து தறிக்கு எண்ணெய் விடுவார். அவரைப் பிடிச்சுக்கொண்டு போயிட்டினம். ஒரு மாசத்தால எங்களையெல்லாம் மண்டபத்தில இருத்தி ரேடியோவைப் போட்டவை. அவற்ற குரல். தறிக்குள்ள தான்தான் மண் போட்டது எண்டு சொன்னார். தண்டிக்கவேணும் எண்டு தீர்மானம் வந்தது. நான் முன் வரிசை. முதல் கை என்ர கைதான்."

நான் ஊசியில் நூல் கோர்ப்பதுபோலக் குனிந்திருந்தேன்.

"அவர் பாடமாக்கிச் சொன்ன மாதிரிச் சொன்னவர். நீரும் இப்ப அப்பிடித்தான் சொன்னீர். ஆருக்காகச் சொன்னீர்?"

"ஒருத்தருக்காகவும் இல்லை மாமி. நான்தான். கை நடுங்கிப்போச்சு."

அவர் என் கையை எடுத்துத் தன் கையில் வைத்துப் பார்த்தார். சிவந்த, தடித்த கை, சூடாக இருந்தது. என் கை நடுங்கவில்லை. அது எனக்கும் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது.

"அண்டைக்கும் அவர் சொன்னதை நம்புறன் எண்டுதான் கையைத் தூக்கினனான்" என்றார். "இண்டைக்கு உம்மையும் நம்புறன் எண்டு சொல்லுறன்."

கையை விட்டுவிட்டு மெஷினை ஓட்டத் தொடங்கினார். எனக்கு அழுகை வந்தது. லைனிங்கை முகத்துக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு தைத்தேன். நான் அழுதால், யாருக்காகச் சொன்னேன் என்று அவருக்கு விளங்கிவிடும்.